வெட்டாறு அணியின் ஸ்டாப்பர்

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. இந்த ஃபேன் போடுகிற சத்தத்தில் என் குரல் பாதிதான் எட்டும். இன்றைக்கு உங்களுக்கு ஒரு பந்தாட்டக் கதை வைத்திருக்கிறேன். ராஜா ராணி யாரும் வர மாட்டார்கள். முட்டியில் தழும்பில்லாத ஒருத்தி கூட இல்லாத ஒரு பெண்கள் அணி வரும். ரத்தம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும், அதனால் பயந்த சுபாவம் உள்ளவர்கள் பக்கத்தில் இருக்கிறவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நடுவில் எழுந்து போய்விடாதீர்கள். பாதியில் போனால் அம்சம் என்கிற பெண்ணைத் தப்பாக நினைத்துக்கொண்டே போவீர்கள். அது அவளுக்கு நாம் செய்கிற அநியாயம்.

தஞ்சாவூரிலிருந்து கிழக்கே, வெட்டாற்றங்கரையில் நெடுவாய்க்கரை என்று ஓர் ஊர். அங்கே இருக்கிறது வெட்டாறு மகளிர் கால்பந்துக் கழகம். மாதச் சம்பளம் கொடுத்து ஆட்டக்காரிகளை வைத்திருந்த கழகம். மாநிலத் தொழில்முறை லீகில் சென்னை, கோயம்புத்தூர் அணிகளோடு மோதிய கழகம். டி.வி.யில் அவர்கள் ஆடுவதைப் பார்த்து, "இதுங்களுக்குப் பந்து எதுக்கு, கத்தியைக் குடுத்து விட்டுரலாம்" என்று ஒரு வர்ணனையாளர் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, மறுநாள் மன்னிப்புக் கேட்டார். சொன்னது பொய்யில்லை. மன்னிப்புத்தான் கூடுதல்.

அந்த முரட்டுத்தனம் எப்படி வந்தது என்று சொல்கிறேன். 2009. சம்பா அறுவடை முடிந்திருந்தது. விஜயலட்சுமி என்கிற பி.டி. டீச்சர் ஊர் நிலக்காரர் நாகநாதனிடம் கேட்டு, அவருடைய அறுத்த வயலில் சவுக்குக் கம்பு நட்டு, பதினைந்து சிறுமிகளை இறக்கினார். வெட்டாறு கழகத்தின் முதல் ஆட்டம் அதுதான். நாலாம் நாள் நாகநாதன் மகன் பிரபு ஆறு பேரோடு அரிவாளோடு வந்தான். "பொட்டப் புள்ளைங்க அரை டவுசரு போட்டுக்கிட்டு ஆட எங்க வயலு கேக்குதோ" என்று சவுக்குக் கம்பை ஒரே வெட்டில் சாய்த்தான். கூட வந்தவன் ஒருத்தன் எறிந்த கல் டீச்சரின் புருவத்துக்கு மேலே பட்டுப் பிளந்தது. கண்ணுக்குள் ரத்தம் வழிய வழிய அவர் விசிலை வாயிலிருந்து எடுக்கவில்லை. ஊதிக்கொண்டே நின்றார். அந்த ஊதலில்தான் ஒரு சிறுமிக்கு ஏதோ ஆகிவிட்டது. ஓடிப்போய்ப் பிரபுவின் மணிக்கட்டில் வாயை வைத்தாள். நாலு பேர் சேர்ந்து இழுத்தும் விடவில்லை. விட்டபோது வாயில் சதை இருந்தது. பிரபுவுக்கு ஆறு தையல்.

அவள்தான் அம்சம். அப்போது பதினோரு வயது. அப்பா மருந்தடிக்கப் போன வயலில் மயங்கி விழுந்து செத்தவர், அம்மா நடவுக் கூலியாள்.

வயல் போனதும் மீரா உசேன் தன்னுடைய ரைஸ் மில் களத்தைக் கொடுத்தார். அவித்த நெல்லைக் காயப்போடுகிற சிமெண்டுத் தரை. சாயங்காலம் நெல்லை அள்ளிக் குவித்த பிறகுதான் பந்து. அதுவரைக்கும் பிள்ளைகளே துடைப்பம் எடுத்துக் கூட்ட வேண்டும், ஒரு நெல்மணி கூடக் கிடக்கக் கூடாது. ஆனாலும் கிடக்கும். விழுந்தால் தோல் உரிந்து, அந்தச் சிவப்புக்குள் நெல் குத்திக்கொண்டு நிற்கும். புல் தரையில் ஆடுகிறவளுக்கு விழுவது ஒரு பொருட்டில்லை. சிமெண்டில் ஆடுகிறவள் விழவே கூடாது. விழாமல் இருக்க ஒரே வழிதான் உண்டு: நீ விழுவதற்குள் எதிரில் வருகிறவளை விழவைத்துவிடு. இதை யாரும் வகுப்பெடுத்துச் சொல்லவில்லை. தரை சொல்லிக்கொடுத்தது. டீச்சர் அதைத் திருத்தவில்லை. அவருடைய தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

ஜெயிக்க ஆரம்பித்தார்கள். 2011 மாவட்டக் கோப்பை. 2014 மண்டலக் கோப்பை. 2017 மாநிலக் கோப்பை. அன்றைக்கு லாரியில் ஊர்வலம் வந்தபோது பறை அடித்தவர்களோடு சேர்ந்து தப்பட்டை தட்டியவன் பிரபு, அதே தையல் போட்ட கையால். அம்சம் லாரியிலிருந்து குனிந்து, "கை எப்புடி இருக்கு மாமா" என்றாள். "மழை வந்தா வலிக்குது" என்றான் அவன், தட்டுவதை நிறுத்தாமல். 2019இல் அகில இந்தியப் போட்டியில் அரையிறுதி. 2022இல் தொழில்முறை லீக், முதல் வருஷமே மூன்றாமிடம்.

மில் சுவரில் ஒவ்வொரு கோப்பையையும் நீலப் பெயிண்டில் எழுதுவார்கள். கோப்பைக்குப் பக்கத்தில் அதற்காக என்ன போனது என்பதையும் எழுதுவது அந்தக் கழகத்து வழக்கம். மாவட்டக் கோப்பை, கேப்டன் மணிக்கட்டு. மண்டலக் கோப்பை, அம்சம், முன்பல் இரண்டு. மாநிலக் கோப்பை, அம்சம், தாடை. கோல்கீப்பர் ஹமீதா பானு, விரல். எதிரணிக்குப் போனதை எழுத சுவரில் இடமில்லை.

அம்சம் ஸ்டாப்பர். தன் பாக்ஸுக்குள் எவளையும் நுழைய விடாமல் நிற்கிறவள். அவளைத் தாண்டிப் போகிறவள் கொஞ்ச தூரம்தான் போவாள். அம்சம் கோபத்தில் அடிப்பதில்லை. டீச்சர் கோட்டுக்கு வெளியே நின்று கண்ணைக் காட்டுவார். அவள் போய் முடித்துவிட்டு வருவாள். ஆட்டம் முடிந்து எதிரணிப் பெண்ணுக்குத் தானே ஐஸ் கட்டி ஒத்தடம் கொடுத்ததும் உண்டு. "இதென்னடி கூத்து" என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். "வேலை முடிஞ்சிருச்சில்ல" என்பாள்.

இப்போது கவிப்ரியா.

மயிலாடுதுறைப் பக்கத்துப் பெண். பதினாலு வயதில் கழகத்துக்கு வந்தாள். மில்லுக்கு மேலே இருந்த அறையில் ஆட்டக்காரிகள் தங்குவார்கள். அம்சத்தின் பாய்க்குப் பக்கத்துப் பாய் அவளுக்கு. பந்து அவள் காலில் ஒட்டிக்கொண்டு வரும். அவள் மட்டும்தான் அந்த அணியில் யாரையும் இடிக்காமல் போகத் தெரிந்தவள், இடிப்பதற்கு ஆள் பக்கத்தில் வந்தால்தானே.

2021இல், திருச்சியில் ஓர் ஆட்டத்தில் ஒருத்தி பக்கவாட்டில் பாய்ந்து அவளுடைய இடது முட்டியை முறுக்கினாள். உள்ளே லிகமெண்ட் அறுந்தது. ஆபரேஷன். ஒன்பது மாதம். அந்த ஒன்பது மாதமும் அவளைத் தூக்கி உட்கார்த்தி, குளிப்பாட்டி, கக்கூஸுக்குக் கொண்டுபோய் விட்டவள் அம்சம். வலி தாங்காமல் கவிப்ரியா கடித்த தடம் அம்சத்தின் முன்கையில் இருக்கிறது. முட்டியை மடக்கி நீட்டுகிற பயிற்சியை, அவள் அலற அலறச் செய்யவைத்தவளும் அவள்தான்.

திரும்ப ஆட்டத்துக்கு வந்த அன்று அம்சம் ஒரு யோசனை சொன்னாள்.

"டேப்பை வலது முட்டியில சுத்துடி."

"அடிபட்டது இடதுக்கா."

"அது எனக்குத் தெரியும். எதிர நிக்கிறவளுக்குத் தெரிய வேணாம். அடிக்க வர்றவ கட்டைப் பாத்துத்தான் அடிப்பா. நல்ல காலு, ரெண்டு அடி தாங்கிக்கும்."

கவிப்ரியா வலது முட்டியில் வெள்ளை டேப் சுற்றிக்கொண்டு ஆடினாள். வெளியணிக்காரிகள் அந்த வலது முட்டியைத் தேடித் தேடி உதைத்தார்கள். இடது முட்டி பத்திரமாக இருந்தது. உண்மை தெரிந்தவர்கள் வெட்டாறு அணிக்காரிகள் மட்டும்தான்.

2023இல் சென்னையிலிருந்து கொண்டல் எஃப்.சி. அவளைக் கேட்டது. போவதா வேண்டாமா என்று அவள் அம்சத்திடம் கேட்கவில்லை. போகிறேன் என்று மட்டும் சொன்னாள். அம்சம் அவளுடைய பையைத் தூக்கி மாடி ஜன்னல் வழியாகக் களத்தில் எறிந்தாள். அவித்த நெல்மேல் போய் விழுந்தது. கவிப்ரியா கீழே போய், பையைத் தட்டி எடுத்துக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமல் போனாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் பேச்சில்லை. அவளைப் பற்றி டி.வி.யில் வந்தால் அம்சம் எழுந்து போவாள். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பாள்.

அவள் போன பிறகு வெட்டாறு அணி சறுக்கியது. கோல் போட ஆள் இல்லை. 2025 ஏப்ரலில் லீகின் கடைசி ஆட்டம் வந்தபோது, பட்டியலில் அடியில் இருந்தார்கள். அந்த ஆட்டத்தில் தோற்றால் கீழ்நிலை லீகுக்கு இறக்கிவிடுவார்கள். டிரா செய்தாலே போதும், தப்பிக்கலாம். இறங்கினால் ஸ்பான்சர் கம்பெனி விலகிக்கொள்ளும் என்று எழுத்தில் கொடுத்திருந்தது. இருபத்திரண்டு பெண்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கடைசி ஆட்டம் யாரோடு என்கிறீர்கள்? கொண்டல் எஃப்.சி.யோடு. தஞ்சாவூரில்.

மூன்றரை மணி வெயிலில் இரண்டு அணியும் வரிசையாக நின்றன. அம்சம் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். கவிப்ரியா இளைத்திருந்தாள். வலது முட்டியில் வெள்ளை டேப். அதைப் பார்த்ததும் அம்சத்துக்குள் என்னவோ இளகியது. நான் சொன்னதை இன்னும் விடவில்லை பார், என்று நினைத்தாள்.

ஆட்டம் தொடங்கி நாலாவது நிமிஷத்தில் முதல் ரத்தம். வெட்டாறு அணியின் சாஜிதா, பத்தொன்பது வயது, நடுவில் ஆடுகிறவள், கொண்டலின் ஸ்டாப்பரோடு தலையால் பந்துக்கு எம்பினாள். அந்த ஸ்டாப்பரின் முழங்கை அவள் வாயில் இறங்கியது. உதடு இரண்டாகப் பிளந்தது. சாஜிதா துப்பிவிட்டு எழுந்தாள். அடுத்த பந்தில் அதே ஸ்டாப்பரின் கணுக்காலை ஷூவுக்கு அடியில் இருக்கிற ஸ்டட்டால் மிதித்து அரைத்தாள். ரெஃப்ரி மஞ்சள் அட்டை காட்டினார். "உங்க ஊர்ல பந்தெல்லாம் உருட்டுவீங்களா, இல்ல ஆளத்தானா" என்று கேட்டாள் அந்தச் சென்னைக்காரி, நொண்டிக்கொண்டே. "ரெண்டையும் உருட்டுவோம்க்கா" என்றாள் சாஜிதா, ரத்தப் பல்லோடு.

இருபதாவது நிமிஷத்துக்குள் மூன்று மஞ்சள் அட்டை. ஒருத்தியின் மூக்கில் பஞ்சு. ஹமீதா பானுவின் விலாவில் ஒருத்தி முட்டியை ஏற்றியதில் கோல்கீப்பர் இரண்டு நிமிஷம் மூச்சு வராமல் மண்ணைப் பிறாண்டினாள். கேலரியில் இருந்தவர்கள் தண்ணீர் பாட்டிலை வீசினார்கள். ஒன்று லைன்ஸ்மேன் தோளில் பட்டுத் தெறித்தது.

முப்பத்தெட்டாவது நிமிஷம் கவிப்ரியாவுக்குப் பந்து கிடைத்தது. யாரையும் இடிக்கவில்லை. இரண்டு பேருக்கு நடுவில் நுழைந்தாள், அம்சத்துக்கு இடப்பக்கம் போவதுபோல் தோளைச் சாய்த்தாள், வலப்பக்கம் போனாள். அம்சத்தின் கால் காற்றை உதைத்தது. பந்து வலைக்குள் இருந்தது. கவிப்ரியா கொண்டாடவில்லை. திரும்பி வரும்போது அம்சத்தைக் கடந்தாள். இரண்டு பேரும் புல்லைப் பார்த்தார்கள்.

ஒன்றுக்குச் சுழி.

இடைவேளையில் எல்லோரும் அறைக்குள் வந்து உட்கார்ந்தார்கள். ஐஸ் பெட்டியைத் திறக்கிற சத்தம், மூக்கை உறிஞ்சுகிற சத்தம். மீரா உசேன் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வராமல், தொப்பியைக் கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்து தன் புருவத்துத் தழும்பைக் கட்டைவிரலால் தேய்த்தார். அறுபதை நெருங்கிய மனுஷி. பதினாறு வருஷம், கல்யாணத்தைக் கூட வேண்டாமென்று தள்ளிவிட்டு, இந்தப் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு நின்றவர்.

"அவ நின்னா நாம போயிருவோம்" என்றார். யாருக்கும் பெயர் தேவைப்படவில்லை. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவளுக்கு இடது."

அவ்வளவுதான். அறையில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது.

"டீச்சர், அவ நம்ம..." என்று ஹமீதா பானு ஆரம்பித்தாள்.

"நம்மவளா இருந்தா இங்க உக்காந்திருப்பா."

சாஜிதா உதட்டிலிருந்த பஞ்சை எடுத்தாள். "நான் போறேன் டீச்சர். எனக்கு அவங்களோட பழக்கம் கெடையாது."

அப்போது அம்சம் பேசினாள். "நீ போவாத. உனக்கு ஏற்கெனவே மஞ்ச அட்டை இருக்கு. நான் பாத்துக்கிறேன்."

டீச்சர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "உன்னால ஆவுமா?"

"எப்ப ஆவாம இருந்துச்சு."

கண்ணுகளா, அவள் மனசுக்குள் போட்ட கணக்கு இதுதான். தான் மறுத்தால் சாஜிதா போவாள். சாஜிதா சொன்னபடி இடது முட்டியை உடைப்பாள். ஸ்க்ரூ போட்ட முட்டி, ஒன்பது மாதம் தான் கையில் வைத்துக் காப்பாற்றிய முட்டி. அதனால் தானே போக வேண்டும். போய், டேப் சுற்றிய வலது முட்டியில் அடிக்க வேண்டும். அது நல்ல முட்டி. வீங்கும், நொண்டுவாள், வெளியே உட்கார வைப்பார்கள். இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். கழகமும் பிழைக்கும், கவிப்ரியாவின் காலும் பிழைக்கும். டீச்சர் திட்டினால் அவசரத்தில் கால் மாறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். ஷூ லேஸை இழுத்துக் கட்டினாள். அந்தக் கை அடிக்கப் போகிறவளின் கை மாதிரி இல்லை. கட்டுப் போடப் போகிறவளின் கை மாதிரி இருந்தது.

இரண்டாம் பாதி தொடங்கியதும் அடிதடி இன்னும் முற்றியது. அறுபத்தொன்றாவது நிமிஷம் ஒரு கார்னர். கூட்டத்துக்குள் நாலைந்து தலை ஒன்றோடொன்று மோதியது. சாஜிதாவின் நெற்றி யாருடைய பல்லிலோ பட்டுக் கிழிந்தது, அதே நெற்றியில்தான் பந்தும் பட்டது. கோல். அவள் கண்ணுக்குள் ரத்தம் இறங்கியதால் கோல் விழுந்ததை அவள் பார்க்கவில்லை. "உள்ள போச்சா, உள்ள போச்சா" என்று கேட்டுக்கொண்டே ஓடினாள்.

ஒன்றுக்கு ஒன்று. இப்படியே நின்றால் போதும்.

ஆனால் கவிப்ரியா நிற்கவில்லை. எழுபதில் ஒரு பந்து கம்பத்தில் அடித்துத் திரும்பியது. எழுபத்து நாலில் ஹமீதா பானு விலா வலியோடு பாய்ந்து விரல் நுனியால் தள்ளிவிட்டாள். டீச்சர் கோட்டருகே வந்து நின்றார். அம்சத்தைப் பார்த்தார். பிறகு சாஜிதாவைப் பார்த்தார். சாஜிதா நெற்றிக் கட்டை இறுக்கிக்கொண்டு, கவிப்ரியா இருந்த பக்கம் நகர ஆரம்பித்தாள்.

"உன் எடத்துல நில்லுடி" என்று அம்சம் அவளைத் தோளில் இடித்துத் தள்ளினாள்.

எழுபத்தெட்டாவது நிமிஷம். நடுவிலிருந்து உயரமாக ஒரு பந்து வந்தது. கவிப்ரியா அதை மார்பில் வாங்கி இறக்கினாள். திரும்பினாள். எதிரே அம்சம் வருவதைப் பார்த்தாள். ஒரு நொடி அவள் கண்ணில் பயம் வந்தது, பிறகு போனது. அக்கா இடதில் வரமாட்டாள் என்று நம்பியிருப்பாள். அந்த நம்பிக்கை சரிதான்.

அம்சம் பாய்ந்தாள். பந்துக்கு இல்லை. இடது காலை மடக்கி, வலது காலை நீட்டி, ஸ்டட் அடிப்பாகம் முழுவதையும் அந்த வெள்ளை டேப்பின் மேலே இறக்கினாள்.

எத்தனையோ எலும்பு உடைகிற சத்தத்தை அம்சம் கேட்டிருக்கிறாள். பச்சை மட்டையை முறிக்கிற மாதிரி இருக்கும். இது அப்படி இல்லை. ஈரத் துணியைக் கிழிக்கிற மாதிரி இருந்தது. நல்ல முட்டியிலிருந்து வருகிற சத்தமில்லை அது. விழுவதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கவிப்ரியாவின் கால் முட்டியிலிருந்து வெளிப்பக்கமாக மடங்கிக் கிடந்தது, அந்தக் கால் அவளுடையது இல்லை என்பது மாதிரி. அவள் வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்தது.

கொண்டலின் ஸ்டாப்பர் ஓடிவந்து அம்சத்தின் முகத்தில் குத்தினாள். மறுபடியும் குத்தினாள். மூக்கு உடைந்தது. அம்சம் கையைத் தூக்கவில்லை. பின்னாலிருந்து ஒருத்தி அவள் சடையைப் பிடித்துத் தரையில் தேய்த்தாள். வெட்டாறு அணிக்காரிகள் பாய்ந்தார்கள். பெஞ்சில் இருந்தவர்களும் இறங்கினார்கள். பெஞ்சிலிருந்து வந்த ஒருத்தியின் காதைப் பிடித்து சாஜிதா திருகியதில் கம்மல் சதையோடு வந்தது, ரெஃப்ரி அதைப் பார்க்கவில்லை. வேலி தாண்டி வந்த பத்திருபது ஆண்களைப் போலீஸ் லத்தியால் அடித்துத் துரத்தியது. ரெஃப்ரி சிவப்பு அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆள் தேடினார். அம்சம் தானாக எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள். பிறகு ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் நடந்தாள். டீச்சர் கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை.

ஆட்டம் பன்னிரண்டு நிமிஷம் நின்று, மறுபடி நடந்தது. பத்து பேரோடு வெட்டாறு அணி தாக்குப்பிடித்தது. ஒன்றுக்கு ஒன்று. கழகம் தப்பித்தது. மைதானத்தில் வெடி போட்டார்கள்.

அம்சம் அப்போது ஆம்புலன்ஸில் இருந்தாள்; இருந்தது ஒரே வண்டி, மூக்கு உடைந்த அவளையும் அதிலேயே ஏற்றியிருந்தார்கள். கொண்டலின் பிஸியோ டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டு வந்தார். பின்னால் இவர்கள் இரண்டு பேரும்தான். ஊசி போட்டிருந்தார்கள். கவிப்ரியா கண்ணைத் திறந்தாள்.

"எந்தக் காலு சொன்னாங்க டீச்சர்?"

"இடது."

"அப்புறம் ஏன் வலதுல வந்த?"

"அது நல்ல காலுன்னு."

கவிப்ரியா அவளையே பார்த்தாள். வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு வலி போகிறவரைக்கும் காத்திருந்தாள்.

"வலதும் ஜனவரியிலயே போயிருச்சுக்கா. பிராக்டிஸ்ல. பாதி கிழிஞ்சிருக்குன்னு ஸ்கேன்ல சொன்னாங்க, தனியா எடுத்தேன். கிளப்புல சொன்னா உக்கார வெச்சிருவாங்க. டேப்பு எப்பவும் அதுலதான சுத்துறேன், யாருக்கும் சந்தேகமே வரல."

அம்சத்தின் மூக்கிலிருந்து ரத்தம் மடியில் சொட்டியது. துடைக்கவில்லை.

"இடதுல அடிச்சிருந்தீன்னா எந்திரிச்சு ஓடியிருப்பேன்" என்றாள் கவிப்ரியா. "இப்ப அதுதான் என் நல்ல காலு."

சொல்லிவிட்டுக் கையை ஓங்கி அம்சத்தின் முகத்தில் அறைந்தாள். உடைந்த மூக்கின் மேலே பட்டது. இன்னொரு தடவை. படுத்த வாக்கில் எட்டின இடத்தில் எல்லாம் அடித்தாள், கழுத்தில், காதில், வாயில். அம்சம் அவளுக்கு எட்டட்டும் என்று இன்னும் கொஞ்சம் குனிந்தாள். கை ஓய்ந்ததும் கவிப்ரியா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆஸ்பத்திரி வரைக்கும் அவ்வளவுதான்.

ஆறு மணிக்கு லீகின் கமிஷனர் இளஞ்செழியன் வார்டுக்கு வந்தார். கையில் ஒரு ஃபாரம். பின்னாலேயே டீச்சர், கழுத்தில் யாரோ போட்ட மாலையைக் கழற்ற மறந்தவர், கூடவே மீரா உசேன். கவிப்ரியாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் அம்சம் நின்றுகொண்டிருந்தாள்.

"வீடியோ பாத்தேன்மா. ரெண்டு விதமாவும் சொல்லலாம்" என்றார் இளஞ்செழியன். நல்ல மனுஷன், குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். "பந்துக்குப் போய்த் தவறிப் பட்டுச்சுன்னா மூணு ஆட்டம் தடை, அதோட முடிஞ்சிரும். வேணும்னே அடிச்சதா இருந்தா விஷயம் வேற. உங்க டீம் சொல்லி அடிச்சதா இருந்தா இன்னிக்கு ரிசல்ட்டே மாறிரும். பாத்துச் சொல்லுங்க. பந்துக்குப் போனீங்களா, காலுக்கா?"

மீரா உசேன் சுவரைப் பார்த்தார். அம்சம் கட்டிலைப் பார்த்தாள். கவிப்ரியா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"காலுக்குத்தான்" என்றாள் அம்சம்.

"யார் சொல்லி?"

"யாரும் சொல்லல. நானாத்தான்."

இளஞ்செழியன் பேனாவைத் திறந்தார். அப்போது டீச்சர் இரண்டு எட்டில் வந்து, அம்சத்தின் கன்னத்தில் ஓர் அறை விட்டார். அன்றைக்கு அவள் வாங்கிய எத்தனையாவது அடியோ, அதுதான் அவளைத் தள்ளாட வைத்தது.

"பொய் சொல்றா சார்" என்றார் டீச்சர். மாலையிலிருந்து இதழ் உதிர்ந்தது. "இவ பதினோரு வயசுலேருந்து நான் சொல்லாம யார் மேலயும் கை வெச்சதில்ல. நான் சொன்னது இடது. இவ அடிச்சது வலது. இந்தப் புள்ளயக் காப்பாத்தணும்னு மாத்தி அடிச்சிருக்கா. சொன்னவ நான். விஜயலட்சுமின்னு எழுதிக்கங்க. இனிஷியல் ஆர்."

"டீச்சர்" என்றார் மீரா உசேன், "பிள்ளைங்க இருபத்திரெண்டு பேரு."

"இருபத்து மூணு, பாய்" என்றார் டீச்சர், கட்டிலைக் காட்டி. பிறகு கவிப்ரியாவைப் பார்க்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

முடிவு உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆட்டம் கொண்டல் ஜெயித்ததாக அறிவித்தார்கள். டீச்சருக்கு ஆயுள் தடை, அம்சத்துக்கு இரண்டு வருஷம். வெட்டாறு கழகம் கீழ்நிலை லீகுக்கு இறங்கியது. ஸ்பான்சர் போனது. ஒன்பது பேர் வேறு வேறு அணிக்குப் போனார்கள். அம்சம் போக மிச்சம் பன்னிரண்டு பேர் ஜூன் மாதம் கேப்டன் சாஜிதாவோடு கீழ்நிலை லீகில் ஆட ஆரம்பித்தார்கள், சம்பளமில்லாமல், மீரா உசேன் போட்ட சோற்றோடு. முதல் இரண்டு ஆட்டத்தில் தோற்றார்கள். மூன்றாவதில் ஜெயித்தார்கள். அந்த மூன்று ஆட்டத்திலும் ஒரு மஞ்சள் அட்டை கூட இல்லை என்று சாஜிதா போனில் சொன்னபோது, அம்சம் குறுவை நடவுக்கு நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப எப்புடிடி ஜெயிச்சீங்க?"

"தெரியலக்கா. ஓடுனோம்."

கவிப்ரியாவை மயிலாடுதுறைக்கு அவள் வீட்டுக்கே கொண்டுவந்து விட்டார்கள். இனி ஆட முடியாது என்று இரண்டு டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அம்சம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனாள். கவிப்ரியாவின் அம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுடி வந்த" என்று தோளிலும் முதுகிலும் சாத்தினாள். தெருவே பார்த்தது. அம்சம் நின்று வாங்கிக்கொண்டு, மாலை பஸ்ஸுக்குத் திரும்பினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனாள், அடுத்ததற்கும் போனாள். நாலாவது வாரம் அந்த அம்மா விளக்குமாற்றைத் தூக்கவில்லை. கை வலிக்கிறது என்று முனகிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஐந்தாவது வாரம் கவிப்ரியாவே வாசலுக்கு வந்தாள், ஒரு பக்கம் ஊன்றுகோல். நிலையில் சாய்ந்து அம்சத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு ஊன்றுகோலை எடுத்து அவள்மேல் வீசினாள். தோள்பட்டையில் பட்டுத் தெருவில் போய் விழுந்தது. அம்சம் போய் எடுத்தாள். புடவையால் மண்ணைத் துடைத்தாள். படியேறி வந்து நீட்டினாள்.

கவிப்ரியா வாங்கிக்கொண்டாள்.

இதுவரைக்கும் நடந்தது அவ்வளவுதான். பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்ன ஆகும் என்று எனக்கும் தெரியாது.

சரி, எழுந்திருங்கள் கண்ணுகளா, கால் மரத்துப் போயிருக்கும், மெல்ல. உங்கள் வீட்டில் விளைகிறது பதரில்லாமல் விளையட்டும், உலையில் கொதிக்கிறது எல்லோருக்கும் எட்டட்டும். உங்கள் வீட்டுப் பெண் பிள்ளைகள் ஓட நினைக்கிற தூரம் முழுக்க ஓடட்டும். ஒருத்தரையொருத்தர் அடித்துக்கொண்ட வீடாக இருந்தாலும் சரி, அந்த வாசல் கதவு ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காவது திறந்தே இருக்கட்டும். நீங்களும் உங்கள் குடும்பமும் நல்லா இருக்கணும்.